முன்கூட்டிய நகல்

எங்கள் ஊர் நிழற்குடையின் கூரையில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒப்பந்ததாரர் விட்ட ஓட்டை அல்ல. கிராம சபை கூடி, சண்டை போட்டு, கைதூக்கித் தீர்மானம் நிறைவேற்றி வைத்த ஓட்டை. அதன் வழியாக ஒரு வேப்பமரம் மேலே போகிறது. அந்த ஓட்டையை மாநிலம் முழுவதும் கொண்டு சேர்த்த பெருமை ஓர் ஆணையத்துக்கு உரியது. அந்த ஆணையம் கடைசியில் எங்களிடம் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நடுநிலையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

எருமப்பட்டி பக்கம் இருக்கிறது எங்கள் கருங்காட்டுப்புதூர். முன்பு இங்கே இருந்த நிழற்குடையைச் சென்னையில் யாரோ வரைந்திருந்தார்கள். அது சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. உள்ளே உட்கார்ந்தால் கந்தப்பனுடைய கோழிப்பண்ணை தெளிவாகத் தெரியும், பஸ் தெரியாது. பஸ் போன பிறகு அதன் புழுதி மட்டும் உள்ளே வந்து எங்களை விசாரித்துவிட்டுப் போகும். ஓர் ஆடிக் காற்றில் அதன் தகரக் கூரை கிளம்பிப் போய்க் கோழிப்பண்ணையில் விழுந்தபோது, கந்தப்பனைத் தவிர ஊரில் யாரும் வருத்தப்படவில்லை.

புதியது ஒன்று கட்ட வேண்டும் என்ற பேச்சு கிராம சபைக்கு வந்தது. ஊராட்சித் தலைவர் மயில்சாமி பல வருடம் ரிக் லாரி ஓட்டியவர். போர்வெல் போடும் வண்டியோடு வடக்கே தெரியாத ஊரெல்லாம் சுற்றி, மொழி தெரியாத செக்போஸ்டுகளில் சிரித்தே தப்பித்து வந்தவர். அதிகாரி என்று யாரைப் பார்த்தாலும் கை தானாகச் சட்டைப் பையில் இருக்கும் லைசென்சைத் தேடும். அவருக்கு இருந்த ஒரே கொள்கை, எல்லோரையும் பேச விடுவது. பேச விட்டார்.

"எனக்குக் குனிய முடியாதுங்க. முட்டி வலி. பால் கேனை இடுப்பு ஒசரத்துல எறக்கி வெக்கறாப்பல ஒரு திட்டு வேணும்" என்றார் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் சென்னியம்மாள்.

"நாமக்கல் பஸ்ஸு கெழக்கால இருந்து வருது. உள்ள குந்திட்டே பாக்கற மாதிரி கெழக்குச் செவுத்துல ஒரு சந்து உடுங்க" என்றார் கந்தப்பன்.

இடத்தின் நடுவில் வேப்பமரம் நின்றது. அதை வெட்டலாம் என்று பாதிப் பேர், வெட்டினால் ஊரே நாசம் என்று மீதிப் பேர். வழக்கம்போல மாகாளியம்மனிடம் பூக் கேட்டார்கள். வெள்ளைப் பூ வந்தால் வெட்டுவது, சிவப்பு வந்தால் தொடக் கூடாது. சிவப்பு வந்தது. மயில்சாமி கோயில் வாசலிலேயே எல்லோர் முன்னாலும், தான் தலைவராக இருக்கும் வரை அந்த மரத்தின்மேல் அரிவாள் படாது என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். அப்படியானால் மரம் போக ஓட்டை வை என்று சபை சொல்லிவிட்டது.

இத்தனையையும் கேட்டு வரைந்தவள் தனப்பிரியா. மயில்சாமியின் அண்ணன் மகள். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கம்ப்யூட்டரில் படம் போடுகிறவள். வாய் கொஞ்சம் அதிகம். சபையில் ஒவ்வொரு சண்டைக்கும் ஒருமுறை அழித்து வரைந்தாள். கட்டி முடித்ததும் ஊருக்கே பிடித்துப்போயிற்று. அதன்பிறகுதான் அவள், இந்த வரைபடத்தை இணையத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவாகப் போட வேண்டும் என்று சபையில் எழுந்து நின்றாள்.

"நாம பாடுபட்டதை ஊரானுக்கு எதுக்குச் சும்மா தூக்கிக் குடுக்கோணும்?" என்றார் கந்தப்பன்.

"சும்மா இல்லீங்க பெரீப்பா. கல்யாணத்துக்குக் கோயில் அண்டாவை எடுத்துட்டுப் போறமில்லீங்க? ஆரு வேணாலும் எடுத்துக்கலாம். ஆனா கழுத்துல வெட்டியிருக்கற ஊர்ப் பேரைச் சுரண்டக் கூடாது. கைப்பிடி மாத்திப் பத்த வெச்சா, பத்த வெச்ச அண்டாவாவே கோயில்ல கொண்டாந்து வெச்சரோணும், அடுத்தவிய எடுத்துக்கறதுக்கு. அதேதானுங்க இதுவும்."

"பேரைச் சுரண்டுனா?"

"சுரண்டுனவனுக்கு அடுத்த விசேசத்துக்கு அண்டா கெடையாது. வந்து சபையில தப்புன்னு ஒத்துக்கிட்டாத் திரும்பக் குடுக்கறது. நம்மூரு வழக்கந்தானுங்க."

உரிமம் என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. எல்லோரும் கைதூக்கினோம். வரைபடத்தின் ஓரத்தில் தனப்பிரியா கொட்டை எழுத்தில் போட்டாள்: வடிவம், கருங்காட்டுப்புதூர் கிராம சபை, யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், எங்கள் பெயர் இருக்க வேண்டும், மாற்றியதை எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும், மீறினால் மீறியவருக்கு உரிமை முடிந்தது.

இப்போது ஆணையம் வருகிறது. அதன் முழுப் பெயர் மாநில ஊரக வடிவமைப்பு ஒருமைப்பாட்டு ஆணையம். கிராமங்களில் இருக்க வேண்டிய பொருள்களைக் கிராமங்கள் வடிவமைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் பணி. அதற்குச் சேலத்தில் ஒரு மண்டல அலுவலகம் உண்டு. அங்கே முனைவர் அறிவுடைநம்பி என்று ஓர் இணை இயக்குநர். மேடை இல்லாத இடத்திலும் மேடையில் நிற்பதுபோலவே பேசுகிறவர்.

ஒரு நாள் அவர் வண்டியோடு எங்கள் பஸ் ஸ்டாப்பில் வந்து இறங்கினார். நிழற்குடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். உதவியாளர்கள் டேப் பிடித்து அளந்தார்கள், மரத்தையும் அளந்தார்கள். எதிரில் இருந்த கடையில் முட்டை போண்டா சாப்பிட்டார். பிறகு, பஸ்ஸுக்காக நின்றிருந்தவர்களைப் பார்த்து உரையாற்றினார்.

"மக்களின் அறிவு மகத்தானது. இவ்வளவு மகத்தான ஒன்றை மக்களிடமே விட்டுவைப்பது பாதுகாப்பானது அல்ல. ஆகவே அதை நாங்கள் எடுத்துப் பத்திரப்படுத்துகிறோம்."

மயில்சாமி கை தட்டினார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது. பெரிய மனிதர் பேசி நிறுத்தினால் தட்டுவது அவர் சுபாவம்.

மறு வருடம் ஆணையம் 'ஒரே நிழல்' என்ற திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. நாற்காலிகளை நிரப்புவதற்காக ஊராட்சித் தலைவர்களை அழைத்திருந்தார்கள். திரை விலகியது. உள்ளே எங்கள் நிழற்குடை. அதே திட்டு, அதே கிழக்குச் சந்து, அதே ஓட்டை. மயில்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து, "எங்கூருதுங்க! எங்கூருதுங்க!" என்று குலுக்கினார். பிறகு ஊர்ப் பெயரைத் தேடினார். முன்னால் இல்லை. லாரியில் ஓனர் பெயரைப் பின்னால்தானே போடுவார்கள் என்று பின்பக்கமும் போய்ப் பார்த்தார். அங்கே ஒரு பித்தளைப் பலகை இருந்தது. 'கருத்து, வடிவம், ஆக்கம்: ஆணையம். அனுமதியின்றிப் பயன்படுத்துவோர்மீது நடவடிக்கை எடுக்கப்படும்.'

அவர் திரும்பி வந்து இதைச் சொன்னபோது சென்னியம்மாள் ஒரே வார்த்தைதான் கேட்டார். "சுரண்டிப்போட்டாங்களா?"

சுரண்டியிருந்தார்கள். இணையத்தில் இருந்த எங்கள் வரைபடத்தை எடுத்துப் பெயரைச் சுரண்டியவர்கள், மற்றதைச் சுரண்டாமல் அப்படியே வைத்திருந்தார்கள். ஓட்டை எதற்கு என்று யோசிக்க ஆணையத்தில் ஆள் இல்லை. ஆகவே எல்லா ஊர் நிழற்குடைகளுக்கும் எங்கள் வேப்பமரத்தின் சுற்றளவில் ஓட்டை வந்தது, மரம் வரவில்லை. ராசிபுரம் சாலையில் பட்டுச் சேலைக் கட்டோடு பஸ்ஸுக்கு நின்ற நெசவாளிகள் நிழற்குடைக்குள் குடை பிடித்து நின்றார்கள். கூரை எதற்கு என்று அவர்கள் மனுக் கொடுத்தார்கள். அது ஓட்டை அல்ல, 'வான்நோக்கு வட்டம்' என்றும், பயணிகள் காத்திருக்கும்போது உயர்ந்த சிந்தனை பெறுவதற்காக வைக்கப்பட்டது என்றும் பதில் வந்தது.

புகார்கள் ஓயவில்லை. ஆணையம் எங்கள் ஊர்ப் படத்தை எடுத்துப் பார்த்து, ஓட்டைக்குள் மரம் இருப்பதைக் கண்டுபிடித்தது. உடனே ஒவ்வொரு வட்டத்துக்குக் கீழேயும் ஒரு வேப்பங்கன்று நட உத்தரவு பறந்தது. சிமெண்டுத் தரையைப் பெயர்த்து நட்டார்கள். ஆடுகள் வந்து தின்றன. ஆடுகளுக்கு எதிராக ஒரு சுற்றறிக்கை வந்தது. தம்மம்பட்டிப் பக்கம் ஓர் ஊரில் நிழற்குடையை ஒட்டி, ஊரே நிழலுக்கு ஒதுங்குகிற புளியமரம் ஒன்று நின்றது. படத்தில் இருப்பது வேம்பு என்பதால் அந்தப் புளியை வெட்டி, அதன் இடத்தில் முழ உயர வேப்பங்கன்று வைத்துப் படம் எடுத்துப் போனார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் மரத்தைக் காப்பாற்ற வைத்த ஓட்டை, இன்னொருவர் மரத்தை வெட்டிவிட்டது.

கிழக்குச் சந்து இன்னொரு கூத்து. எங்கள் பஸ் கிழக்கிலிருந்து வரும். எல்லா ஊரிலும் அப்படி வருமா? மேற்கிலிருந்து பஸ் வரும் ஊர்க்காரர்கள் சந்தின் வழியாகப் போகிற பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். நிழற்குடையைத் திருப்பி வைக்கலாமா என்று ஓர் ஊராட்சி கேட்டதற்கு, வடிவத்தில் கை வைப்பது குற்றம் என்றும், பஸ்கள் அனைத்தும் கிழக்கிலிருந்தே வரும்படி ஒழுங்குசெய்யப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது என்றும் ஆணையம் தெரிவித்தது. சென்னியம்மாளின் பால் கேன் திட்டுக்குச் 'சிந்தனைத் தளம்' என்று பெயர் வைத்து, அதன்மேல் பொருள்கள் வைக்கத் தடை என்று எழுதிவிட்டார்கள்.

இவ்வளவும் ஆன பிறகு, திட்டத்துக்குள் வராத நிழற்குடைகளைக் கணக்கெடுக்க ஆணையம் ஆள் அனுப்பியது. அவர்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். பித்தளைப் பலகை இல்லாத ஒரு நிழற்குடையைக் கண்டார்கள்.

உத்தரவு வந்தது. ஆணையத்தின் வடிவத்தை அனுமதியின்றி எடுத்துக் கட்டியதற்காக நிழற்குடையைக் கார்த்திகை பிறப்பதற்குள் இடிக்க வேண்டும். அதற்குள் நிற்கும் வேப்பமரம் நிர்ணயித்த சுற்றளவைவிடப் பருத்துவிட்டதால் அதையும் வெட்ட வேண்டும். ஊராட்சி செய்யாவிட்டால் ஆணையமே ஜேசிபி கொண்டுவந்து செய்யும்.

மயில்சாமி படித்துவிட்டு, உத்தரவை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "கற்பூரத்தை அணைச்சுப்போட்டனே" என்றார். மறுநாள் காலை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினார். துணைக்கு என்னையும் கூட்டிப்போனார்.

மண்டல அலுவலகத்தின் வாசலில் ஆணையத்தின் சொந்த நிழற்குடை ஒன்று நின்றது. அதன் ஓட்டைக்குக் கீழே தொட்டியில் ஒரு பிளாஸ்டிக் வேப்பமரம். அதற்கும் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களை மதியம் வரை உட்கார வைத்துவிட்டு உள்ளே விட்டார்கள்.

"உங்கள் நிழற்குடை எங்கள் வடிவத்தின் நகல்" என்றார் அறிவுடைநம்பி.

"அது மொதல்லயே கட்டுனதுங்க. நீங்களே வந்து பாத்தீங்க. போண்டா கூடச் சாப்பிட்டீங்களே. உங்குளுது அப்பறந்தானுங்க வந்துச்சு."

"அதுதான் குற்றத்தைக் கடுமையாக்குகிறது. சாதாரண மனிதர்கள் அசல் வந்த பிறகு நகல் எடுப்பார்கள். நீங்கள் அசல் வருவதற்கு முன்பே எடுத்துவிட்டீர்கள். விதிகளில் இதற்கு 'முன்கூட்டிய நகல்' என்று பெயர்."

மயில்சாமி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஏனுங்க, படத்துல எங்கூருப் பேரு போட்டிருந்துச்சுங்களே?"

"பெயர் என்பது வடிவத்தின்மேல் படிந்த தூசி. நாங்கள் துடைத்தோம். ஒரு கோப்பு தலைமையிடத்துக்கு வரும்போது சுத்தமாக வர வேண்டும் அல்லவா?"

"ஊரே குந்திப் பேசி முடிவு பண்ணுனதுங்க, அது."

"பிரச்சினையே அங்குதான் தொடங்குகிறது, தலைவரே. ஊர் கூடி முடிவெடுத்தால் ஊருக்கு ஒரு முடிவு வரும். அத்தனை ஊருக்கும் அத்தனை முடிவு. எல்லா ஊரும் தனக்கு வேண்டியதைத் தானே யோசித்துக்கொண்டால், நாங்கள் எதற்கு?"

இந்தக் கேள்விக்கு மயில்சாமிக்கு விடை தெரிந்திருந்தது. மரியாதை கருதிச் சொல்லவில்லை. போயிட்டு வாரனுங்க என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். பஸ் ஏறி நாமக்கல் வந்தோம். இறங்கும்போது, "செக்போஸ்டுல கூட வண்டி ஆரோடதுன்னு கேட்டுப்போட்டுத்தாண்டா புடிப்பாங்க. இவங்க வண்டியவும் புடுங்கிட்டு, உன்ற வண்டியில நீ ஏன் வந்தீன்னு கேக்கறாங்களே" என்றார்.

ஊரில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஜேசிபி வந்தால் குறுக்கே படுப்பது என்றார் சென்னியம்மாள். எங்களுக்கு எல்லாம் தெரிந்தது, எதைச் செய்வது என்பதைத் தவிர. அப்போதுதான், நாங்கள் வேண்டாமலே ஓர் உதவி வந்தது. ஆணையத்துக்குப் பேராசை வந்தது.

வெளிநாட்டில் ஏதோ ஓர் அமைப்பு சிறந்த பொதுக் கட்டடங்களுக்கு விருது கொடுக்கிறதாம். 'ஒரே நிழல்' இறுதிச் சுற்று வரை போய்விட்டது. விருதுக்காரர்கள் இணையத்தில் தேடியபோது தனப்பிரியா போட்ட படம், ஆணையத்தின் படத்துக்கு முந்தைய தேதியில், ஊர்ப் பெயரோடு கிடைத்துவிட்டது. இந்த வடிவத்தை உருவாக்கியவர்களின் சம்மதம் எங்கே என்று கேட்டுவிட்டார்கள்.

அறிவுடைநம்பி மறுபடி வந்தார். இந்த முறை மயில்சாமி வீட்டுக்கே வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார்.

"சிறிய கையெழுத்துதான், தலைவரே. இந்த வடிவத்தை உங்கள் ஊர் மனமுவந்து ஆணையத்துக்கே கொடுத்துவிட்டதாக. நீங்கள் கையெழுத்திட்டால் இடிப்பு உத்தரவை நான் மறந்துவிடுவேன். எனக்கு ஞாபக மறதி கொஞ்சம் உண்டு."

மயில்சாமிக்கு ஆசை வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது. மரம் தப்பும், சத்தியமும் நிற்கும். பேனாவைக் கூட வாங்கிவிட்டார். பக்கத்து அறையிலிருந்து தனப்பிரியா எட்டிப் பார்த்தாள்.

"சித்தப்பா, அவிய அனுமதி கேக்கறாங்கன்னா, அது நம்மளுதுன்னு ஒத்துக்கறாங்கன்னுதானுங்க அர்த்தம்? நம்மளுதை அவங்க எப்பிடிங்க இடிப்பாங்க?"

மயில்சாமி பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். "நான் போட்டா அது என்ற கையெழுத்து மட்டுந்தானுங்க. ஊரு வரைஞ்சது, ஊருதான் போடோணும். நவம்பர் ஒண்ணாந்தேதி கிராம சபைங்க. வந்து கேளுங்க."

வந்தார். வேறு வழி இல்லை. விருதுக்குக் கெடு நெருங்கிவிட்டது. பள்ளிக்கூடத்துக் கூடத்தில் முதல் வரிசையில் அவருக்கு நாற்காலி போட்டோம். மரியாதையில் குறை வைக்கவில்லை. அவருடைய பொருளைத்தான் நிகழ்ச்சி நிரலில் கடைசியில் வைத்திருந்தோம். குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேசினோம். தெருவிளக்கு, சாக்கடை, நூறுநாள் வேலை எல்லாவற்றையும் பேசினோம். வழக்கமாக அரை மணியில் முடிக்கிற தெருநாய் விவகாரத்தை அன்று ஒவ்வொரு நாயாக எடுத்துப் பேசினோம். அவர் டிரைவர் பசி தாங்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு எருமப்பட்டிக்குச் சாப்பிடப் போய்விட்டார். இவரால் போக முடியவில்லை. அவரைப் பார்க்கப் பார்க்க, சேலத்தில் மதியம் வரை காத்திருந்த பெஞ்சு என் ஞாபகத்துக்கு வந்தது. நானும் எழுந்து நாயைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன்.

ஒருவழியாக அவர் முறை வந்தது. எழுந்து, மக்களே அதிகாரத்தின் ஊற்று என்று தொடங்கி, ஊற்றுக்கு மூடி அவசியம் என்பது வரை வந்தார். கடைசியில் விஷயத்தைச் சொன்னார். இந்த அரிய வடிவத்தைத் தந்த ஊர், அதைத் தாயுள்ளத்தோடு ஆணையத்துக்கே விட்டுக்கொடுக்க வேண்டும்.

"அப்ப இது எங்கூரு தந்துதுதானுங்க?" என்று கேட்டாள் தனப்பிரியா.

"சந்தேகம் இல்லாமல். உங்கள் ஊர் தந்ததுதான்."

தனப்பிரியா ஊராட்சிச் செயலாளரைப் பார்த்து, "எழுதிக்குங்க" என்றாள். செயலாளர் எழுதிக்கொண்டார்.

கந்தப்பன் எழுந்தார். "சாமி, எங்கூருல ஒரு வழக்கமுங்க. அண்டாப் பேரைச் சுரண்டுனவன் சபையில வந்து, நாந்தான் சுரண்டுனேன், தப்புத்தான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க. பேரைத் திரும்ப வெட்டிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போலாம். உங்களுக்கும் அதேதான். ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நாங்கள் கொடுத்திருப்போம். அவ்வளவு கோபத்திலும் கொடுத்திருப்போம். தப்பு என்று ஒருவர் வந்து நின்றால் மேலே பேச எங்களுக்கு வராது.

அறிவுடைநம்பி தொண்டையைச் செருமினார். "ஆணையம் எதையும் சுரண்டுவதில்லை. கோப்பு அச்சுக்குப் போனபோது, கணினி வரைபடத்தில் பெயர் தாங்கிய அடுக்கு, அதாவது லேயர், தானாகவே அணைந்துவிட்டது. தொழில்நுட்பத்தில் இது இயல்பு. யாருடைய தவறும் அல்ல. இன்னும் ஆழமாகப் பார்த்தால், அணைந்துபோகிற அடுக்கில் பெயரைப் போட்டது உங்கள் தவறு."

"சேலத்துல தூசின்னீங்க, தொடைச்சோம்னீங்க" என்றார் மயில்சாமி. அவர் ஓர் அதிகாரியிடம் குரலை உயர்த்திப் பேசியதை நான் பார்த்தது அன்றுதான்.

பின்வரிசையிலிருந்து அமுதவல்லி எழுந்தாள். கந்தப்பனின் மகள், ராசிபுரம் பக்கம் கட்டிக்கொடுத்தது, பண்டிகைக்கு வந்தவள் இன்னும் திரும்பியிருக்கவில்லை. "நான் இந்தூரு ஓட்டர் இல்லீங்க, பேசலாமுங்களா? நீங்க ஆணையத்துக்கு உரிமை இல்லைன்னு சொல்லிப்போட்டா, எங்கூரு நெழக்கொடை என்னாகறது? மழையில நனையறது நாங்கதானுங்க."

"உங்களுக்கு உரிமை அப்பிடியே இருக்குதுங்கக்கா. எல்லா ஊருக்கும் இருக்குது. பேரைச் சுரண்டுனது ஆணையம், அவியளுக்கு மட்டுந்தான் போச்சு" என்றாள் தனப்பிரியா. "ஓட்டையை அடைச்சுக்குங்க. திருப்பி வெச்சுக்குங்க. பித்தளைப் பலகையைக் கழட்டிப்போட்டு எங்கூருப் பேரைப் போட்டாப் போதும். ஆணையத்தைக் கேக்கவே வேண்டியதில்லை."

தீர்மானத்தை மயில்சாமி படித்தார். நிழற்குடை வடிவத்தை எல்லா ஊராட்சிகளும் தங்கள் விருப்பப்படி மாற்றிப் பயன்படுத்தலாம். ஆணையத்துக்கும் அதன் அலுவலர்களுக்கும் இந்த வடிவத்தில் எவ்வித உரிமையும் இல்லை. ஆதரிப்பவர்கள் கைதூக்கலாம். கூடம் முழுக்கக் கை. எதிர்ப்பவர்கள் என்று கேட்டபோது ஒரே ஒரு கை உயர்ந்தது. முதல் வரிசை நாற்காலியிலிருந்து. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர் கைதூக்க முடியாது என்று செயலாளர் தாழ்மையுடன் சொன்னார். கை இறங்கியது.

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விருது கைவிட்டுப் போனது. ராசிபுரம் பக்கத்து ஊர் கிராம சபைதான் முதலில் ஓட்டையை அடைத்தது. பிறகு ஒவ்வொரு ஊராக அடைத்தார்கள், திருப்பினார்கள், திட்டில் சாமான் வைத்தார்கள். தம்மம்பட்டிப் பக்கத்து ஊர்க்காரர்கள் வேப்பங்கன்றைப் பிடுங்கிக் கோயிலில் நட்டுவிட்டு, பழைய இடத்தில் புளி வைத்தார்கள். வடிவத்தின்மேல் உரிமை இல்லாததால் சேலத்தில் ஆணையம் தன் வாசலில் நின்ற நிழற்குடையைத் தானே இடிக்க வேண்டியதாயிற்று. பிளாஸ்டிக் மரம் வெயிலில் நிற்கிறது. எங்கள் ஊருக்கு ஜேசிபி வரவில்லை. இவையெல்லாம் நல்லவைதான். ஆனால் நான் நினைத்து நினைத்துச் சிரிப்பது சபை முடிந்த அந்த அரை மணி நேரத்தைத்தான்.

சபை கலைந்ததும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் சிலர் ஓடி வந்து நிழற்குடைக்குள் ஒதுங்கினோம். சென்னியம்மாள் ஏற்கெனவே கேனோடு உள்ளே இருந்தார். அறிவுடைநம்பியின் வண்டி எருமப்பட்டியிலிருந்து திரும்பவில்லை. அவர் கோப்பைத் தலைமேல் பிடித்துக்கொண்டு, செருப்பில் சேறு அப்ப, எங்களை நோக்கி ஓடி வந்தார். ஒரு காலை உள்ளே எடுத்து வைத்தார்.

"சாமி, சாமி, உள்ள வந்தராதீங்க" என்றார் சென்னியம்மாள், பெரும் கவலையோடு. "இப்பத்தானுங்க சபை தீர்மானம் போட்டுச்சு. இந்த வடிவத்துல உங்களுக்கு உரிமை இல்லீங்க. அப்பறம் உங்க மேலயே நடவடிக்கை வந்தறப் போகுதுங்க."

அவர் எடுத்து வைத்த காலைப் பார்த்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். விதி என்று சொன்னால் நம்பாமல் இருக்க அவருக்கு வராது. காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். கூரை முடிகிற இடத்துக்கு ஒரு சாண் வெளியே, விறைப்பாக, நனைந்துகொண்டு நின்றார். கோப்பிலிருந்து மை கரைந்து சட்டையில் இறங்கியது.

தனப்பிரியாவுக்கே பொறுக்கவில்லை. குனிந்து மெதுவாகச் சொன்னாள். "அத்தை, உரிமம் அதைப் பாத்து வரையறதுக்கும் கட்டறதுக்குந்தானுங்க. நெழல்ல வந்து நிக்கறதுக்கெல்லாம் ஆரும் உரிமை வாங்கத் தேவையில்லீங்க."

"அது எனக்குந் தெரியுங் கண்ணு" என்றார் சென்னியம்மாள், கேனைத் தூக்கித் திட்டின்மேல் வைத்துக்கொண்டே. "அவருக்குத் தெரியலையே."

நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை.